சொல்லிட்டுப் போங்க டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேகலா போன் செய்தாள். நான் குக்கருக்கு வெயிட் போட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சர், ஆயா பூட்டாங்க" என்றாள். எந்த ஆயா என்று நான் கேட்கவில்லை. பால்வாடி டீச்சராகக் காலம் தள்ளிய எனக்கு ஐந்தாறு ஆயாக்களோடு பழக்கம் உண்டு. ஆனால் மேகலா ஆயா என்று சொன்னால் அது பச்சையம்மாள் ஒருத்திதான். அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறப் போனேன். அன்று சாயங்காலம் வீடு திரும்பிக் குக்கரைத் திறந்தபோது அரிசி பாதி வெந்தும் வேகாமலும் கிடந்தது.

வியாழக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், எழுப்ப மனசு வரவில்லை. வாங்கிப் போன சாத்துக்குடியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, நர்ஸம்மாவிடம் தலையை ஆட்டிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்தேன். அப்போது அது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது.

மண்ணூர்ப் பக்கத்தில் எங்கள் பால்வாடிக்கு வந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் எல்லோருக்கும் பச்சையம்மாளைத் தெரியும். அவள் கையால் சாப்பிட்டவர்கள் நீங்கள். உங்கள் மூக்கைத் துடைத்துவிட்டவள் அவள். ஆனால் அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைத் தெரியவிடாமல் செய்தது நான்தான். இத்தனை வருஷம் கழித்து இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவள். டிரெயினிங் முடித்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது. என் கோபத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி. பச்சையம்மாள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கைநாட்டு. அவளுக்கு நான் "நீங்க", எனக்கு அவள் "நீ". முதல் இரண்டு வருஷம் எங்களுக்குள் சரிப்பட்டு வரவே இல்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க டீச்சர்" என்பாள். சொல்லிவிட்டு, தனக்குத் தோன்றியதைத்தான் செய்வாள்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. காலையில் வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு தலை வாருவாள். வீட்டில் எண்ணெய் வைத்து வழவழவென்று வாரி அனுப்பியிருந்தாலும் அதைக் கலைத்துவிட்டு மறுபடி வாருவாள். அடுப்பில் உலை கொதிக்கும், இவள் ஒரு மரச்சீப்பை வைத்துக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் இப்படி நேரத்தை வீணாக்குகிறாய் என்று ஒருநாள் சத்தம் போட்டேன். "கொயந்தைங்க வாயால ஒண்ணும் சொல்லாது டீச்சர். தலையைக் குடுக்கும். கையில புடிச்சா தெரிஞ்சிடும்" என்றாள். யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி சாப்பிடவில்லை, யார் வீட்டில் அடிதடி என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் அதை ஊர்வம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அந்தப் பக்கம் கம்பெனிகள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருந்தன. அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் கம்பெனி வேனில் ஏறிப் போக ஆரம்பித்தார்கள். வேன் ஒரு நிமிஷம்கூட நிற்காது. தினமும் காலையில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் அழும். அம்மாக்களும் அழுவார்கள். எனக்குத் தலை வெடிக்கும்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளை உள்ளே வந்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், "அதோ பார் காக்கா" என்பேன். அது திரும்புகிற நேரத்தில் அம்மா நழுவிவிட வேண்டும். சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டிலும் அப்படியே செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். நம் வீடுகளில் இது ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். வெளியூர் போகிறவர்கள் பிள்ளை அழும் என்று பின்பக்கமாகப் போய்விடுவார்கள். நான் அதற்கு டீச்சர் முத்திரை குத்திக் கொடுத்தேன். ஐந்தே நிமிஷத்தில் பால்வாடி அமைதியாகிவிடும். பார்க்க வந்த அதிகாரியம்மாகூட என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்.

மேகலா அந்த வருஷம்தான் சேர்ந்தாள். நான்கு வயது. ஒரு பிடி உடம்பு, முகம் முழுக்கக் கண். அவள் அம்மா சரோஜா மருந்து கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். ஒரு வாரம் ஆறு மணி ஷிப்ட், மறுவாரம் ஜெனரல் ஷிப்ட். அப்பா லாரியில் போகிறவர், பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். ஆறு மணி ஷிப்ட் வாரத்தில் பிள்ளையைப் பக்கத்து வீட்டம்மாதான் எழுப்பி, குளிப்பாட்டி, கொண்டுவந்து விடும்.

மேகலா கடிப்பாள். சும்மா பல் படுகிற கடி இல்லை, தடம் விழுகிற கடி. இரண்டு மாதத்தில் பால்வாடியில் பாதிப் பிள்ளைகள் கையில் அவள் பல் பதிந்துவிட்டது. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். மூலையில் நிற்க வைத்தேன். சத்துமாவு உருண்டை கிடையாது என்றேன். நாக்கில் மிளகாய் தேய்ப்பேன் என்று மிரட்டினேன். அடித்தும் இருக்கிறேன். இதை விட்டுவிட்டு எழுதினால் பச்சையம்மாள் மன்னித்தாலும் நான் என்னை மன்னிக்க மாட்டேன். நான் அடித்தபோது அந்தப் பிள்ளை அழவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் பாபு என்கிற பையனின் கன்னத்தில் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. அவன் அப்பா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். இந்தப் பெண் இருந்தால் எங்கள் பிள்ளைகள் வராது என்றார். இந்த மாதக் கடைசிக்குள் கடிப்பது நிற்கவில்லை என்றால் பேரை அடித்துவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சரோஜா சாயங்காலம் ஓடிவந்தாள். அவள் இன்னும் டெம்பரவரிதான். இரண்டு மாதம் போனால் பர்மனென்ட் ஆகலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். "பால்வாடி இல்லன்னா எனக்கு வேலை இல்ல டீச்சர்" என்றாள். முதலில் உன் பிள்ளைக்குப் புத்தி சொல்லு என்று நான் பதில் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே பச்சையம்மாள் பேச்செடுத்தாள். "ரெட்டை சடை போட்டுகினு வர்ற வாரத்துல இது யாரையும் கடிக்கிறதில்ல டீச்சர். ஒத்தை சடை வாரத்துலதான் கடிக்கிது." எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள்: அம்மாக்காரி வாரினால் ரெட்டைச் சடை, ரிப்பனை மடித்துக் கட்டியிருக்கும். பக்கத்து வீட்டம்மா வாரினால் ஒற்றைச் சடை, வகிடு கோணலாக இருக்கும். அதாவது ஆறு மணி ஷிப்ட் வாரம். ஐந்து மணிக்கே சரோஜா தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். பிள்ளை கண் முழித்தால் அம்மா இல்லை.

உனக்குக் கொடுத்த சமையல் வேலையைப் பார், சடையைப் பார்த்து வைத்தியம் சொல்ல வேண்டாம் என்று நான் எரிந்து விழுந்தேன். "சரிங்க டீச்சர்" என்றாள். அந்த "சரிங்க"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூர் ஆபீஸில் மாதாந்திரக் கூட்டம். கூட்டத்துக்குப் போகிற நாளில் நானும் என் வழியைத்தான் கடைப்பிடிப்பேன். பிள்ளைகளைப் பாட்டுப் பாட விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சமையல் ரூம் பின்வாசல் வழியாக நழுவிவிடுவேன். அன்றும் அப்படித்தான் போனேன். சமையல் ரூமில் பச்சையம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேகலா. ஒற்றைச் சடை. நான் கவனிக்காதது போல வாசற்படியைத் தாண்டினேன். இடது மணிக்கட்டில் சுரீரென்றது. குனிந்து பார்த்தால் பிள்ளை என் கையைக் கவ்விக்கொண்டு நிற்கிறது.

வலது கையை ஓங்கிவிட்டேன். பச்சையம்மாள் எழுந்திருக்கவும் இல்லை, என்னைப் பிடிக்கவும் இல்லை. பூண்டை உரித்துக்கொண்டே பேசினாள்.

"போறவங்களைத்தான் கடிக்கிது டீச்சர். பாபு ஒண்ணுக்குப் போவ எழுந்தான். அதுக்கு முன்ன கடி வாங்கினவன் தண்ணி குடிக்க எழுந்தான். இன்னைக்கு நீங்க. யாரும் அதுங்கிட்ட சொல்லிட்டுப் போறதில்ல. அது இன்னா பண்ணும்? புடிச்சி வெக்கக் கையில பலம் இல்ல, பல்லுல கீது. சொல்லிட்டுப் போங்க டீச்சர்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஒரு கையில் செருப்போடு அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தேன். "மேகலா, நான் கூட்டத்துக்குப் போறேன். நீங்கல்லாம் தூங்கி எழுந்து பாய் சுருட்டும்போது வந்துடுவேன்" என்றேன். வாயிலிருந்து கை விடுபட்டது. அவள் நம்பவில்லை. நான் படியிறங்கியதும் அழத் தொடங்கினாள். தெருமுனை வரைக்கும் அந்த அழுகை கேட்டது. அடித்தபோது அழாத பிள்ளை அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதது.

கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை ஞாபகமில்லை. திரும்பி வரும்போது பஸ் வரவில்லை. பாய் சுருட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. செங்கல் ஏற்றிக்கொண்டு போன டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டேன். டீச்சர் டிராக்டரில் போகிறார் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நான் இறங்கி ஓடியபோது மேகலா வாசலில் நின்றிருந்தாள், பின்னால் பச்சையம்மாள் ஒரு பாயைச் சுருட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மேகலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் விளையாட ஆரம்பித்துவிட்டாள். கட்டிப்பிடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வந்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நான் கடைசிப் பாயை ரொம்ப நேரமா சுருட்டிகினு கீறேன் டீச்சர்" என்றாள் பச்சையம்மாள்.

இனிமேல்தான் நான் மறைத்த விஷயம். அந்த வாரமே தாய்மார்களைக் கூப்பிட்டேன். இனி யாரும் நழுவக் கூடாது, வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, எப்போது திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். நீங்கள்தானே டீச்சர் அப்படிப் போகச் சொன்னீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். நான் போட்ட ரூல் தப்பு, ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மேலிடத்து உத்தரவு" என்றேன். பின்வரிசையில் பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை நான் பார்த்தேன். மேலிடமும் கிடையாது, உத்தரவும் கிடையாது. அந்த உத்தரவு சமையல் ரூமிலிருந்து வந்தது. பிற்பாடு அதிகாரியம்மா வந்து பார்த்துவிட்டு, நல்ல யோசனை, யாருடையது என்று கேட்டபோதும் நான் அசடு வழியச் சிரித்து வைத்தேனே தவிர அவள் பேரைச் சொல்லவில்லை. அவள் ஒருநாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை. நான்தான் அதற்குப் பிறகு எதிலாவது குழம்பினால் சமையல் ரூமுக்குப் போய், "மேலிடம் இன்னா சொல்லுது?" என்று கேட்பேன். அவளும் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே உத்தரவு போடுவாள்.

ஆனால் சரோஜாவுக்கு அது லேசாக முடியவில்லை. தூங்கினாலும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ என்று பச்சையம்மாள் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்; அடுத்த ஆறு மணி ஷிப்ட் வாரம் அவள் பிள்ளையை எழுப்பிச் சொன்னாள். மேகலா தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்தி, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை எப்படியோ ஓடி வேனைப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை வேன் போய்விட்டது. பஸ் பிடித்துத் தாமதமாகப் போனவளை, இன்னொரு நாள் தவறினால் வராதே என்று சொல்லிச் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிட்டாராம். சரோஜா நேராகப் பால்வாடிக்கு வந்து பச்சையம்மாளைப் பிடித்துக்கொண்டாள். உன் பேச்சைக் கேட்டு என் பிழைப்பு போகப் போகிறது, தூங்குகிற பிள்ளையை எழுப்பி அழவிடச் சொன்னாயே, நீ பெற்றிருந்தால் தெரியும் என்றாள். பச்சையம்மாளுக்குப் பிள்ளை கிடையாது.

பச்சையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நான் வரேன்" என்றாள்.

புதன்கிழமை விடியற்காலை பச்சையம்மாள் தன் வீட்டிலிருந்து நடந்து சரோஜா வீட்டுக்குப் போனாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேன் நிற்கிற இடம் வரை அம்மாவோடு கூடப் போனாள். அம்மா ஏறுவதைப் பிள்ளை பார்த்தது. ஜன்னலிலிருந்து கையாட்டுவதைப் பார்த்தது. அழுதது. அழட்டும், கண்ணால் பார்த்துவிட்டு அழுகிற அழுகை வேறு என்று பச்சையம்மாள் சொன்னாள். பிறகு அங்கேயே மைல்கல் மேல் உட்கார்ந்து, ரவிக்கையில் செருகிக் கொண்டுவந்திருந்த சீப்பை எடுத்து ரெட்டைச் சடை போட்டுக் கூட்டிவந்தாள். அந்த வாரம் மட்டும் இல்லை, அந்த வருஷம் முழுக்க ஆறு மணி ஷிப்ட் வாரங்களில் அப்படித்தான் செய்தாள். இதற்கு யாரும் அவளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் பாபுவின் அப்பா, பேரை அடித்தாயிற்றா என்று பார்க்க வந்தார். அப்போது பாபு ஒன்றுக்குப் போக எழுந்தான். நேரே மேகலா முன்னால் போய் நின்று, "ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன்" என்றான். அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். அவர்களாகவே அப்படி ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று எனக்குச் சந்தேகம். பாபுவின் அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மேகலா ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதத்தில் இன்னொரு தடவை கடித்தாள், அதுவும் என்னைத்தான். அன்று நான் அவசரத்தில் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். சரோஜா பர்மனென்ட் ஆனாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் போனபோது பந்தல் போட்டுப் பறையடித்துக்கொண்டிருந்தார்கள். மேகலா ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய சீருடையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் அங்கே லைனில் சூப்பர்வைசர். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கடைசி ஒரு மாதம் பச்சையம்மாளை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது அவளும் சரோஜாவும்தான். மேகலா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"வியாழக்கிழமை நீங்க வந்தீங்களாமே டீச்சர்" என்றாள். சாயங்காலம் ஆயா கண் முழித்ததும் சாத்துக்குடியைப் பார்த்து, யார் வந்தது என்று கேட்டிருக்கிறாள். நர்ஸம்மா அடையாளம் சொல்லியிருக்கிறார். "'டீச்சரா? சொல்லாமயே பூட்டாங்களா? இன்னும் அந்தப் பின்வாசல் புத்தி போவல பாரு'ன்னு சிரிச்சாங்க டீச்சர். ராத்திரி சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லி இன்னொரு தடவை சிரிச்சாங்க."

அவள் கோபப்படவில்லை, சிரித்தாள் என்பதுதான் தாங்க முடியவில்லை. தூங்கட்டும் என்று நினைத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அந்த அம்மாக்களும் அதைத்தானே சொன்னார்கள்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், கையில் ஒன்றும் இல்லை. சீப்பை மேகலா கேட்டாள், அவளுக்குத்தான் அது சேர வேண்டும். முரண்டு பிடிக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்தது என்று கேட்பதற்கு முன்னால், இதை யார் எப்போது விட்டுவிட்டுப் போனார்கள் என்று என் வாய் கேட்கிறது. அந்தக் கேள்வி அவளுடையது. அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச வருஷங்களையெல்லாம் நல்ல டீச்சர் என்ற பேரோடு ஓட்டினேன்.

தூக்குகிற நேரம் வந்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது, வருகிறேன் என்ற வார்த்தையே அங்கே கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெண்கள் ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து அவள் தலைமாட்டுக்குப் போனேன். யாரோ வாரிவிட்டிருந்தார்கள், வகிடு நேராக இருந்தது. குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"பச்சையம்மா, நான் போயிட்டு வரேன்."

பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர், அப்படிச் சொல்லக் கூடாதும்மா என்று என் கையைப் பிடித்து இழுத்தார். சரோஜா அவரைத் தடுத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியே வந்தேன்.